மணி அடித்ததும் கோலை விட்டு ஓடியவன்

போன கிழமை கண்டி மஹய்யாவையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பின்வளவில், எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு கோப்பி மரம் நிற்கிறது. அதன் பழங்களைத் தோலுரித்துக் கழுவி, கொட்டையைச் சாக்கில் பரப்பி வெயிலில் வைத்திருந்தார்கள். வறுத்த கோப்பியின் வாசம் எல்லாருக்கும் தெரியும். ஈரக் கொட்டை காயும்போது கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் வைக்கோலுமாக எழும் வாசம் எங்கள் காலத்து ஆட்களுக்குத்தான் தெரியும். எனக்கு வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"என்ன, காணாததக் கண்ட மாதிரி பாக்குறீங்க?" என்றார் நண்பர்.

கண்டதுதான். எத்தனையோ வருடம் நான் நாள்தோறும் மூச்சில் வாங்கிய வாசம் அது. கண்டிக்கு வெளியே இருந்த ஒரு கோப்பி ஸ்டோரில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுவது என் வேலை. கையில் எந்நேரமும் கறுப்பு மை. கலியாணத்துக்குப் போனாலும் சந்தனம் கொடுப்பவர் என் கையைப் பார்த்து ஒரு கணம் தயங்குவார். ஸ்டோருக்கு முன்னால் பெரிய களம். அதில் தென்னந்தும்புப் பாய் விரித்து, பாய் மேல் கோப்பியைக் கொட்டிப் பெண்கள் காலால் கிளறிக் காயவைப்பார்கள். களத்தை ஒட்டி ஒரு புல்வெளி இருந்தது. அங்கேதான் எங்கள் கிளப் பிறந்தது.

எங்கள் கிளப் என்று இன்றைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது துரைமார் கிளப். இங்கிலாந்தில் டன்வெல் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த ஐந்தாறு இளந்துரைமார் சேர்ந்து தொடங்கிய உதைபந்துக் கிளப். ஊர் ஏக்கம் தாங்காமல் ஊர்ப்பெயரையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். பதினொரு பேருக்கு ஆள் போதாததால் ஸ்டோர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஓடத் தெரிந்தவர்களை முன்னால் விட்டார்கள். எனக்கு ஓட வராது, ஆனால் கை நீளம். அதனால் கோல் காக்கும் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டைகளைக் கோப்பித்தோல் ஊறிய தண்ணீரில் முக்கியெடுத்தோம். அந்த மங்கல் பழுப்புதான் எங்கள் நிறம். வண்ணானிடம் போட்டாலும் ஒரு நாளும் வெளுக்காது.

கிளப்புக்கு ஒரு விதிப்புத்தகமும் உண்டு. அதில் முதல் விதி: மணி அடித்தால் பந்தை விட்டுப் பாயைப் பிடிக்க வேண்டும். ஹந்தானை மலைப் பக்கம் மேகம் திரண்டால் களத்துப் பெண்களுக்குத் தலைவியான மாரியாயி ஸ்டோர் மணியை அடிப்பாள். அதன் பிறகு துரை, கூலி என்ற பேதமே கிடையாது. எல்லாரும் ஓடிப் பாயைச் சுருட்டி உள்ளே இழுக்க வேண்டும். நனைந்தால் கொட்டை கெட்டுவிடும். அத்தனை பெண்களின் உழைப்பும் மண். உலகத்தில் எந்த உதைபந்துக் கிளப்புக்கும் இப்படி ஒரு விதி இருந்திராது என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

பிறகு கோப்பி இலையில் நோய் விழுந்தது. தோட்டங்கள் படுத்தன. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். ஒருவர் போனால் அந்த இடத்துக்கு எங்களில் ஒருவர் வந்தார். கடைசியில் பத்துத் தமிழர்களும் துரைமாரில் ஆர்டன் ஒருவரும் மிஞ்சினோம்.

அப்போதுதான் பட்டாளத்து அணி எங்களோடு ஆட வந்தது. அதன் தலைவர் எங்கள் வெறுங்கால்களை மேலும் கீழும் பார்த்தார். இங்கிலாந்து ஊரின் பெயரை இவர்கள் சுமக்கக்கூடாது, தோற்றால் பெயரைக் கழற்றிவிட வேண்டும் என்றார். ஆர்டன் துரைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சரி என்று கை கொடுத்துவிட்டார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யாருக்கும் கோல் இல்லை. நானே மூன்று முறை பந்தைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகக் களத்துப் பக்கம் திரும்பிவிட்டது. ஓடத் தெரியாத நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன் என்றால் பாருங்கள். பின்னாலேயே ஒன்பது பேரும், காற்சட்டையை மடித்துவிட்டு ஆர்டன் துரையும் ஓடிவந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு ஒருவன் பந்தை நிதானமாக உருட்டிக்கொண்டு போய் வெறும் கோலுக்குள் தட்டிவிட்டான்.

"கோலை விட்டுட்டு நீங்க ஏன் வந்தீங்க?" பாயின் மறுமுனையைப் பிடித்தபடியே மாரியாயி கேட்டாள்.

"மணி அடிச்சீங்களே."

கடைசிப் பாய் உள்ளே போனதும் மழை கொட்டியது. அதற்கு மேல் ஆட முடியவில்லை. ஆர்டன் துரை வாக்கை மீறவில்லை. கம்பத்தில் தொங்கிய பெயர்ப்பலகையை அவரே கழற்றினார். பத்துப் பேர் பாய்க்குப் போதும், ஒருவன் நின்றிருக்கலாம், அந்த ஒருவன் நான்தான்.

"நான் நின்னிருக்கணும் தொரை," என்றேன்.

தோட்டத்தில் பழகிய தமிழில் அவர் சொன்னார்: "நீ நின்னிருந்தா, நாளைக்கு கோலுக்கு நான் வேற ஆள் தேடியிருப்பேன்."

மாரியாயி முந்தானையைப் பிழிந்துகொண்டே, "பேரு போனா போவுது. நம்ம கிளப்பு ஆளுங்க ஒரு கொட்டைய நனைய விடல," என்றாள். அதுவரை அந்தப் பெண்கள் யாரும் அதைத் துரைமார் கிளப் என்றல்லாமல் வேறு மாதிரிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து பெயரில்லாமல்தான் ஆடினோம். அப்படி ஒரு பெருமையோடு நான் அதற்கு முன் ஆடியதில்லை.

அடுத்த வருடம் ஆர்டன் துரையும் போனார். பிறகு கோப்பியே போனது. எங்கும் தேயிலை வந்தது. தேயிலையைக் கூரைக்குக் கீழே, மாடியில் வாட்டுகிறார்கள். மேகத்தைப் பார்த்து யாரும் மணி அடிப்பதில்லை. களத்தை உடைத்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். மாரியாயி தெல்தோட்டைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள், அங்கேயே முடிந்துபோனாள். எங்கள் ஆட்களில் சிலர் அக்கரைக்கு, இந்தியாவுக்கே திரும்பினார்கள், மற்றவர்களைக் காலம் கொண்டுபோய்விட்டது. கோல் காத்த காலத்தில் நான் எத்தனையோ கோல்களை விட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அந்த ஒரு கோலுக்கு மட்டும் சாக்கு வேண்டியதில்லை. ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்வேன். கேட்பதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.