குத்தாலிங்கத்தின் நண்டு

நண்டை எடுத்து நன்றாக ஊதி, கடையின் இரும்பு ஷட்டரை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் குத்தாலிங்கம் வேலையில் உட்காருகிறார். உடம்பில் இருக்கும் கரண்ட் இரும்பில் இறங்கிவிட வேண்டுமாம்; இல்லாவிட்டால் சிப்பு செத்துப்போகுமாம். விஷயம் தெரியாதவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துத் தாங்களும் ஷட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அவர் தடுப்பதில்லை.

டிஷ் ரிசீவரைத் திறந்தால் உள்ளே எட்டுக் கால்களோடு ஒரு சின்னச் சிப்பு இருக்கும். பெட்டியின் சாஃப்ட்வேர் மொத்தமும் அதற்குள்தான். அந்தச் சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பு, அதன் ஒயர், ஒயரைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் பச்சை அட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர் நண்டு. கவ்வினால் சிப்பில் இருப்பதை ஒன்றுவிடாமல் படித்துக் காப்பி எடுத்துவிடும். தென்காசியில் ரிசீவர் ரிப்பேர் செய்பவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்கள் பழுதைப் பார்ப்பார்கள். இவர் பேக்கப் எடுப்பார். பொழுது மிச்சமிருந்தால் பழுதையும் பார்ப்பார்.

"பேக்கப் எடுக்காம நான் கை வைக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கொண்டு வந்தபடியே திருப்பிக் குடுக்கணும்லா?"

ஒரு காப்பி போதாது. இன்னொன்றும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். அதற்குள் முன்மேசையில் அவர் மனைவி இராமலட்சுமி நாலைந்து பேருக்கு ரீசார்ஜ் போட்டு அனுப்பியிருப்பார். கடை ஓடுவது யாரால் என்று நான் சொல்லப்போவதில்லை.

காப்பிகளுக்கு அவர் பெயர் வைக்கும் அழகே தனி. 'இலஞ்சி டீச்சர் படம் உண்டு சத்தம் இல்லை', 'ஆய்க்குடி ஏட்டையா தானா அணையுது'. என் வீட்டுப் பெட்டி 'மேலகரம் வாத்தியார் எல்லாம் பச்சை' என்று இருக்கிறது. நான் வாத்தியார் இல்லை. சொல்லிப் பார்த்தேன், மாற்றமாட்டேன் என்றுவிட்டார். எத்தனையோ வருஷமாகச் சேர்க்கிறார்; ஒன்றைக்கூடத் திருப்பி ஏற்றும் அவசியம் வந்ததில்லை. தீயணைப்பு வண்டி வாங்கி நிறுத்திவிட்டு, ஊரில் ஒரு தீயும் பிடிக்கவில்லையே என்று ஏங்கும் மனுஷனைப்போல இருந்தார்.

போன வாரம் தீப்பிடித்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருக்கும் வேல்ராஜ், சாரலில் நனைந்தபடி ஒரு ரிசீவரைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி குடும்பம் தங்கும் அறையின் பெட்டி. சாயங்காலம் முதலாளி மாமனாரோடு வருகிறார். மாமனார் நியூஸ் விவாதத்தில் நாலு பேர் கத்துவதைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

"வீடியோ பாத்துப் புது சாஃப்ட்வேர் ஏத்துனேன் அண்ணாச்சி. லோகோவிலேயே நிக்குது. ஏற்கனவே வெந்நீர் வரலன்னு ஒரு தடவை ஏச்சு வாங்கியாச்சு. இன்னொண்ணு ஆச்சுன்னா சோலிக்கு வரவேண்டாம்னுட்டாரு."

குத்தாலிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததேயில்லை. "போன சீசனுக்கு இதே பெட்டி நம்மகிட்ட வந்திருக்குல்லா. பேக்கப் இருக்குவே" என்றார். ஷட்டரைத் தொட்டார். நண்டு கவ்வியது, வழக்கமான இரண்டு காப்பியும் எடுத்தது. பழைய சாஃப்ட்வேர் ஏறி முடிந்ததும் டிவியில் மாட்டினார். லோகோ வந்தது, லோகோ போனது. வேல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்புறம் திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

போன சீசனில் அந்தப் பெட்டி வந்ததே இதற்காகத்தான். முதலாளியின் பேரன் எல்லாச் சேனலுக்கும் பூட்டுப் போட்டுவிட்டு நம்பரை மறந்துவிட்டான். குத்தாலிங்கம் வழக்கம்போலப் பூட்டோடு பேக்கப் எடுத்துவிட்டு, பிறகு ரிமோட்டில் நம்பர் நம்பராகப் போட்டுப் பார்த்து, சோறு தண்ணி மறந்து இரண்டு நாளில் திறந்தார்.

"அந்த நம்பர் என்ன அண்ணாச்சி?"

"பூட்டைத்தான் எடுத்தாச்சே, பொறவு நம்பர் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது அத்தனையும் நோய். பச்சை நிறமும் ஊமைச் சத்தமும் தென்காசி வட்டாரம் முழுக்கப் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன; குணமான பெட்டி ஒன்றுகூட இல்லை. இராமலட்சுமி ரீசார்ஜை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏங்க, சரியாக்கின பொறவு ஒரு காப்பி எடுத்திருக்கலாம்லா?"

"நல்லாருக்கத எதுக்குட்டி பேக்கப் எடுக்கணும்? அதுதான் நல்லாருக்குல்லா."

வேல்ராஜ் மணியைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ரிமோட்டை எடுத்துக் குத்தாலிங்கத்தின் கையில் வைத்து, "இப்பமே நம்பரப் போட ஆரம்பிங்க அண்ணாச்சி, எப்படியாவது சாயந்தரத்துக்குள்ள" என்றார்.

குத்தாலிங்கம் ரிமோட்டை வாங்கி மேசை ஓரமாக வைத்தார். சற்று முன் அவரே ஏற்றிய அதே சாஃப்ட்வேர்தான் அந்தச் சிப்பில் இருந்தது. பெட்டியை டிவியிலிருந்து கழற்றி, நண்டை எடுத்து ஊதினார்.

"செத்த பொறும்வே. மொதல்ல ஒரு பேக்கப்."

எழுந்துபோய் ஷட்டரைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அது கரண்டுக்காகத்தான் என்று நன்றாகத் தெரிந்த வேல்ராஜும் எழுந்துபோய், ஷட்டரைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.