வெறுங்கால் நேர்ச்சை

என் வீட்டுக்காரர் காலில் ஆணி ஏறியது அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பைத் துளைத்த அந்த ஆணியோடேயே அரிசி மில்லில் நாள் முழுக்க நடந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். பத்து நாளில் பாதம் கறுத்து நாற்றமடித்தது. திருநெல்வேலி டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். சென்னையில் ஆக்சிஜன் சிகிச்சை என்று ஒன்று வந்திருக்கிறது, கடைசியாக அதையும் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தொண்ணூறுகளில் அதெல்லாம் நாங்கள் கேள்விப்படாத சங்கதி.

ஒரு ஆள் படுக்கிற அளவில் கண்ணாடிபோல ஒரு பெரிய குழாய். உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்தால் ரத்த ஓட்டம் குறைந்த சதைக்கும் அது போய்ச் சேருமாம், கிருமி அடங்குமாம். ஊசி மருந்தும் புண்ணைச் சுரண்டிக் கழுவுவதும் தனி. தீப்பிடிக்கும் என்பதால் தலைக்கு எண்ணெய் கூடாது; பருத்தி வேட்டிதான்; அரைஞாண்கூட ஆகாது. மனுஷன் அதற்குள்ளும் குறட்டை விட்டார். நான் தினமும் ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் கிடந்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

நாலாம் நாளும் புண் அப்படியே இருந்தது. அன்றுதான், கால் பிழைத்தால் அவரைத் திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடத்திக் கூட்டிவருகிறேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கம் புருஷனுக்காகப் பெண்டாட்டி நேர்வது வழக்கம், அவரைக் கேட்க வேண்டியதில்லை. என்ன நேர்கிறோம் என்று நானும் யோசிக்கவில்லை.

இரண்டாவது வாரம் சதை சிவந்தது. இரண்டு விரல் போயிற்று, பாதம் தப்பியது. ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு விடாதீர்கள், இன்னொரு புண் வந்தால் கால் மிஞ்சாது என்றார். நான் முருகனிடம் நேர்ந்திருந்ததோ அதே வெறுங்கால் நடையை.

தை மாதம் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் தெரு வழியே போனது. செருப்புக் காலோடு வாசலில் நின்று பார்த்தவர் திரும்பி, "ஏளா, எனக்காவ நீ எதும் நேந்துக்கிட்டியா?" என்று கேட்டார். சொன்னால் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரை எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் நேரல. உள்ள வாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நான் திருச்செந்தூர் போகவே இல்லை. சாமி என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அவர் காலைத் தொடாமல் இருந்தால் போதும்.