தகரத்தில் மூன்று தட்டு

"டிரைவர் மாமாவுக்குக் கண்ணு முன்னாடிதானே இருக்கு? பின்னாடி அம்மாவுக்கு வலிக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பல வருடங்களுக்கு முன், ஓடும் ஆம்புலன்சில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். நான் அந்த வண்டியில் உதவியாளன். ஓட்டுநருக்கும் எங்களுக்கும் நடுவே தகரத் தடுப்பு இருக்கும். சைரன் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் விரல் முட்டியால் அதைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் வேகமாகப் போ. இதை என் முழங்காலில் அவளுக்குத் தட்டிக் காட்டினேன். மூன்று தட்டும் உண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. மூன்று என்றால், ஆள் போய்விட்டார், இனி அவசரமில்லை.

இனி நான் எழுதுவது போன கோடையில் நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் மனம்.

அந்த வண்டியை ஓட்டியவன் என் நண்பன். உருவத்தைப் பார்த்து எல்லோரும் 'பூசணி' என்போம். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அதே வண்டி ஏலத்துக்கு வந்தது. பூசணி அதை வாங்கி, நீல வண்ணம் அடித்து, பின்னால் ஒரு படுக்கையும் போட்டான். மலைப்பக்கம் இரண்டு நாள் போய்வரலாம் என்று என்னை அழைத்தான். கிளம்பும்போது அவன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, இவருக்கு நெஞ்சு சரியில்ல. சொன்னா சிரிக்கிறார். உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வழியெல்லாம் பழைய பேச்சுதான். எங்களோடு வேலை பார்த்த ஒருவனைப் பற்றியும் பேச்சு வந்தது. எனக்கு விடுமுறை என்றால் பின்னால் உட்காருபவன் அவன்தான். தன் தண்ணீர் பாட்டிலை நோயாளியின் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கத் தாகத்தோடு இருப்பான். அதனால் அவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். இப்போது எங்கே இருக்கிறான் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மதியம் வழியிலொரு கடையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நல்ல வெயில். தார் உருகி டயரில் ஒட்டும் சத்தம் கேட்டது. முன்னும் பின்னும் வேறு வண்டியே இல்லை.

டங்...

பூசணியின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. அவன் என்னைப் பார்த்தான்.

"எதுக்குடா தட்டுன?"

"நான் உன் பக்கத்துல இருக்கேன்டா."

சாமான் ஏதாவது உருண்டிருக்கும் என்று சிரித்தான். மறுபடி கிளம்பினான். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

டங்...

மறுபடி நின்றான். இந்த முறை சிரிக்கவில்லை. நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். இரண்டு பைகள், படுக்கை. வேறொன்றும் இல்லை. உள்ளே ஏறித் தடுப்பைத் தட்டிப் பார்த்தேன்.

தொப்.

சூடு தெரியாமலிருக்கப் பூசணி அந்தப் பக்கம் முழுவதும் தடிமனான மெத்தை ஒட்டியிருந்தான். ஓங்கிக் குத்தினேன். அப்போதும் தொப்தான். வெறும் தகரத்தின் ஒலி அங்கிருந்து வரவே முடியாது.

இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது. இருவர் கண்ணும் சாலையில். காது மட்டும் பின்னால் இருந்தது.

டங்... டங்... டங்.

மூன்று.

பூசணி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஊர்ந்தது. மூன்று தட்டினால் அப்படித்தான் ஓட்டுவான். நானும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பிணத்தோடு போவதுபோல் போனோம்.

"வண்டில நாம ரெண்டு பேருதான்," என்றான் மெதுவாக. "யாருக்குடா மூணு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடி பார்க்காமல் மூன்று தட்டக்கூடாது. அது எங்கள் வேலையின் முதல் பாடம். நான் இன்னும் யார் நாடியையும் பார்க்கவில்லையே...

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது. நாடி தடுமாறியது. சட்டை முழுவதும் வியர்வை. இடது தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அவனைப் பின்னால் படுக்க வைத்தேன். விழுந்துவிடாமல் கைகளையும் சேர்த்துப் பெல்ட்டால் கட்டினேன். அதற்குள் நினைவு தப்பியது. ஓடிவந்து வண்டியை எடுத்தேன்.

டங் டங்.

திரும்பிப் பார்க்கவில்லை.

டங் டங்... டங் டங்...

"கடவுளே, இவன் மூச்சை மட்டும் நிறுத்திடாதே..."

டங் டங்.

எங்கே வேகம் குறைந்தாலும் தட்டியது.

மருத்துவமனை வாசல் வந்தது. தட்டுவது நின்றுவிட்டது.

டாக்டர் காப்பாற்றிவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். வார்டில் இடமில்லை. அப்போதுதான் காலியான ஒரு கட்டிலில் பூசணியைக் கிடத்தினார்கள். விரிப்பை மாற்றிய நர்ஸ், முன்பு அதில் படுத்திருந்த ஆளைப் பற்றி என்னிடம் சொன்னாள். பழைய ஆம்புலன்ஸ் ஆளாம். பேச்சு போய்ப் பல நாள் ஆகிறதாம். பார்க்க யாரும் வரவில்லையாம். தன் பாலைப் பக்கத்துக் கட்டில்காரருக்கே தள்ளிவிடுவாராம்.

பெயர்ச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒட்டகம்தான்.

"சாகறப்போ கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டே இருந்தார், சார்," என்றாள். "மொதல்ல ஒண்ணு. கொஞ்ச நேரம் விட்டு இன்னொண்ணு. அப்புறம் சேர்ந்தாப்ல மூணு. அதோட கை விழுந்துடுச்சு."

"அப்போ மணி என்ன?"

"மூணு பத்து. நான்தான் எழுதினேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டா..."

"அதுக்கப்புறம் உயிரே இல்லையே, சார்."

பூசணியிடம் இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. விடியும்வரை அவன் பக்கத்தில் இருந்தேன். அவன் மனைவி வந்து சேர்ந்ததும், பிணவறைக்குப் போனேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

ஒட்டகத்தின் முகத்தில் பல வாரத் தாடி. வழியில் வாங்கிய சோப்பும் பிளேடும் பையில் இருந்தன. வாங்கி வந்த வெந்நீரை அங்கிருந்த கிண்ணத்தில் ஊற்றி, துணியை நனைத்து முகத்தைத் துடைத்தேன். நுரை பூசினேன். தாடையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. அங்கே மட்டும் கையை மெதுவாக ஓட்டினேன். ஒரு கீறல்கூட விழாமல் மழித்து, தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டேன்.

காவலாளி திரும்பி வருவதற்குள் தண்ணீரைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்தேன்.