தொப்புள் இல்லாத நத்தை

கல்லுப்புப் பட்டதும் நத்தை நுரைக்கும்போது ‘சொர்ர்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பிள்ளைகளே, எங்கள் ஊரான நெரவியில் நான் உங்கள் வயதில் இருந்தபோது, ஐப்பசி மழை விட்ட காலைகளில் எங்கள் கொல்லையில் கேட்டது அந்தச் சத்தம்தான். அம்மா விதைத்த தண்டுக்கீரை இரண்டு இலை விடுவதற்குள் மிளகளவு நத்தைகள் தின்றுவிடும் என்பதால், பாத்தியில் இருப்பவற்றோடு பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டியிருப்பவற்றுக்கும் சேர்த்தே அவர் உப்பைத் தூவுவார்.

சுவரில் இருப்பவை பாசியைத்தான் சுரண்டித் தின்கின்றன, அவற்றை விட்டுவிட வேண்டும் என்று என் அக்கா கெஞ்சினாள்.

“எல்லாம் ஒரே வகையறாதான். ராத்திரி எறங்கித் தின்னுட்டு, காலையில நல்ல புள்ள மாதிரி செவுத்துல ஏறிக்கும்” என்றார் அம்மா. “வேறன்னு காட்டு, விட்டுடறேன்.”

சுவரில் பழுப்பு நத்தையும் வெள்ளை நத்தையும் கலந்திருந்தன. அக்கா நிறம் பார்த்துப் பிரித்து, பழுப்பை ஒரு ‘கொட்டாங்கச்சி’யிலும் வெள்ளையை இன்னொன்றிலும் போட்டு, ஆளுக்கொரு கீரை இலை வைத்து ஓட்டுத்துண்டால் மூடினாள். காலையில் திறந்தால் இரண்டு இலையிலும் ஓட்டை.

“ஒன் செவுத்து நத்தை வெரதத்த முடிச்சிடுச்சு போல” என்று சிரித்துக்கொண்டே அம்மா உப்புச் சாடியை எடுக்கப் போனார்.

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கொட்டாங்கச்சிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று பழுப்பாக இருந்தவற்றில் பாதி வெளுத்துக் கிடந்தன. ஈரத்தில் பழுப்பு, காய்ந்தால் வெள்ளை. நிறத்தை நம்பிப் பிரித்ததுதான் தப்பு. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். சிலவற்றின் அடியில், சுருளின் நடுவில், ஈர்க்கு நுனி நுழைகிற குழி இருந்தது. மற்றவற்றில் அந்த இடம் மூடியிருந்தது.

“இதுக்குத் தொப்புள் இருக்குடா. இதுக்கு இல்ல.”

தொப்புளைப் பார்த்து மறுபடி பிரித்தோம். அம்மா ஒரு நாள் தவணை கொடுத்தார். “நாளைக்கும் தின்னுருந்துச்சுன்னா நீயேதான் உப்புப் போடணும்.” அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தொப்புள் உள்ளவற்றின் கொட்டாங்கச்சியில் இலை நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதில் இலை வாடியிருந்ததே தவிர, ஒரு கடி இல்லை. அம்மா ஒரு நத்தையைத் தானே திருப்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த உப்பைச் சாடியில் கொட்டினார். “செவுத்துல திருடனும் இருக்கான், சாதுவும் இருக்கான். இனி திருப்பிப் பாத்துட்டுத்தான் போடணும், வேலதான் ரெண்டாச்சு” என்றார். அப்படியே செய்தார்.

இப்போது அந்தச் சுவர் இல்லை. அங்கே நான் கட்டிய சிமெண்டுச் சுவருக்கு வருஷம் தவறாமல் பெயிண்ட் அடிக்கிறேன், பாசி பிடிப்பதில்லை. நேற்று மழைக்குப் பின் என் மகள் அந்தச் சுவரிலிருந்து ஒரு நத்தையை எடுத்துவந்தாள். நான் கையை நீட்டுவதற்குள் அவளே கவிழ்த்துப் பார்த்தாள்.

“இதுக்கும் தொப்புள் இருக்குப்பா” என்றாள். தொப்புள் இல்லாததை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. இந்த வருஷம் பெயிண்ட் வாங்கவில்லை.