கோழிக்கு மெத்தை போட்ட கதை

கோழி படுத்துத்தான் தூங்கும் என்று கல்யாணமாகும் வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். காலை நீட்டி, இறக்கையைத் தலைக்கு வைத்து, முடிந்தால் லேசாகக் குறட்டையும் விட்டு. ராஜபாளையத்து மில் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கும் கோழிக்கும் இருந்த பழக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரி. அந்தப் பழக்கத்தில், நீ ராத்திரி எப்படித் தூங்குவாய் என்று கோழியிடம் விசாரிக்க வாய்ப்பில்லை.

என் மனைவி மம்சாபுரத்துக்காரி. எண்பதுகளின் கடைசியில் புறவாசல் உள்ள ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். அவள் அடுப்படியைக்கூடப் பார்க்கவில்லை, நேரே புறவாசலுக்குத்தான் போனாள். கொஞ்ச நாளில் அவள் பிறந்த வீட்டிலிருந்து நாலு பெட்டைகளும் ஒரு சேவலும் பஸ் ஏறி வந்தன. கல்யாணத்தின்போது அவள் விட்டுவிட்டு வந்த கோழிகளின் வாரிசுகள். நகை கேட்டு என்னிடம் ஒரு நாளும் அழாதவள், அவற்றைக் கூடையிலிருந்து இறக்கிவிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். எங்களிடம் தமிழிலும் தம்முடைய கோழிகளிடம் தெலுங்கிலும் பேசுவார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கும் ஒரு கூட்டம் இருந்தது.

"கோழி வளத்துக்கோங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா சீக்குன்னு ஒண்ணு வந்துச்சோ, அன்னைக்கே அம்புட்டையும் ஊருக்கு அனுப்பிரணும். முன்ன குடியிருந்தவிய கொண்டாந்த சீக்குல எனக்கு ஒரு குஞ்சுகூட மிஞ்சல."

நியாயமான பேச்சு. மனைவி சரி என்று தலையாட்டினாள். நான் பென்சிலை எடுத்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோழிக்கூட்டுக்குப் படம் போட்டேன். ஐந்து உருப்படிக்கு ஐந்து படுக்கை. மில்லுக்கு உதிரி பாகம் வந்த கள்ளிப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக அடித்தேன். சேவலுக்கு மட்டும் ஓரத்தில் தனிப்பெட்டி. குடும்பத் தலைவன் அல்லவா.

மனைவி வந்து பார்த்தாள். "இது என்னதுங்க?"

"கட்டிலு."

"கோழிக்கா?"

"பின்ன எனக்கா?"

"கோழி கம்புல ஒக்காந்துதாங்க தூங்கும். ஒசரத்துல ஒரு கம்பு போடுங்க. முட்டையிட கீழ ரெண்டு பெட்டி இருந்தாப் போதும்."

"அது ஒங்க ஊருக் கோழி. படுக்க வசதியில்லாம ஒக்காந்து தூங்குது."

"இதுவும் எங்க ஊருக் கோழிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மனசு நோக வேண்டாமே என்று ஒரு கம்பும் போட்டேன். பெட்டிகளுக்கெல்லாம் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். சாயங்காலம் காற்று வாங்க பெஞ்சு மாதிரி இருக்கட்டும் என்று.

கட்டில் ஆயிற்று, மெத்தை? வேறு ஊர்க்காரனாக இருந்தால் வைக்கோலைத் திணித்திருப்பான். நான் மில்காரன். மிஷின் துடைக்க நூல் கழிவு பொதி பொதியாகக் கிடக்கும். "கோழிக்கு மெத்தை தைக்கப் போறேன்" என்று சொன்னதும், சிரித்த சிரிப்பில் ஒரு சிப்பம் கொடுத்தனுப்பினார்கள். வெள்ளை வெளேரென்று பெட்டிகளில் பரப்பினேன். எனக்கே அதில் படுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் கோழிகள் கூட்டுக்குள் நுழைந்தன. என் பெஞ்சைத் திரும்பியும் பாராமல் மேல் பெர்த்துக்கு ஏறின. "பாத்தியா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மேல இருக்குன்னு ஏறுது. மெத்தைக்காக இல்ல. ஒக்காந்துதான இருக்கு, பாருங்க."

உட்கார்ந்துதான் இருந்தன. முதல் நாள், கூச்சமாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். விடிந்தபோது கூச்சமெல்லாம் விட்டுப்போயிருந்தது. ராத்திரி முழுக்கக் கோழிகள் செய்கிற காரியத்தை என் வெள்ளை மெத்தையிலேயே செய்து வைத்திருந்தன. முட்டையும் அதற்குள்ளேயே புரண்டு கிடந்தது. அவள் எடுத்துத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். நான் புது நூலை மாற்றிப் பரப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் சிவப்புப் பெட்டை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பாதம் அழுக்கேறி, வீங்கிக் கறுத்திருந்தது. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சீக்கு வந்தால் கால் இழுத்துக்கொள்ளும் என்று டீக்கடையில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். என் மனக்கண்ணில் எங்கள் ஐந்தும் செத்தன. சுவர் தாண்டி வீட்டுக்காரம்மாவின் கோழிகள் செத்தன. வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி மம்சாபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பல் தேய்த்து முடிப்பதற்குள் இத்தனையும் நடந்துவிட்டது.

யாருக்கும் சொல்லாமல், அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், கோழியை ஒயர்க்கூடையில் வைத்துத் துண்டால் மூடினேன். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் வீடு வந்துவிடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் கூடையை முகர்ந்தார். "கோழியா? எந்தக் கோயிலுக்கு?"

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு; வாய்க்கு வந்த அந்தப் பெயரைச் சொன்னேன். "திருவண்ணாமலைக்கு."

"ஏலே! மலமேல பெருமாளுல்ல இருக்காரு! பெருமாளுக்கா கோழி?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஊர் வந்து இறங்கும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தபடி வந்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேம்ப் போயிருந்தார். "திங்கக்கெழம வாங்க," என்றார் அங்கிருந்தவர். போன பஸ்ஸே திரும்பும்போதும் அமைந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பெருமாள் வேண்டாம்னுட்டாரா?" என்று கேட்டார்.

வாசலில் வீட்டுக்காரம்மா.

"எங்க தம்பி, வெயில்ல?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குக்கா."

"கூடையில என்ன?"

"பால்கோவாக்கா."

கூடை 'கொக்' என்றது.

"பால்கோவா கத்துதே, தம்பி."

துண்டை விலக்கினார். "சீக்கெல்லாம் இல்லக்கா. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துருச்சு, கால் மரத்துப்போச்சு," என்றேன். அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, விரல் இடுக்கை ஈரத்துணியால் துடைத்தார். "ஏட்டி, இங்க வா," என்று என் மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு தலைகளும் கோழிக்கால் மேல் குனிந்தன. பிறகு இரண்டும் ஒன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தன.

"தம்பி, மில்லுல என்ன வேல பாக்கீக?"

"ஸ்பின்னிங்ல மேஸ்திரிக்கா."

"ரோலர்ல நூலு சுத்திக்கிட்டா என்ன செய்வீக?"

"மிஷின நிப்பாட்டி வெட்டி எடுப்போம்."

"அப்ப எடுங்க."

என் மெத்தை நூல்தான். விரல்களைச் சுற்றிச் சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கிற காரியம், கோழிக்காலில் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. ரோலரில் நூல் அறுக்கிற சின்ன வளைகத்தியை எடுத்து வந்தேன். மனைவி கோழியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா அதன் தலையைத் தடவி, "ஏமி லேது, ஏமி லேது," என்றார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கோழிக்குத்தான் சொன்னார். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எதற்காவது பதறினால் அந்தத் தெலுங்குதான் காதில் கேட்கும்.

இழை இழையாக அறுத்து எடுத்து, மஞ்சளும் நல்லெண்ணெயும் வைத்துக் கட்டினோம். அவர் நினைத்திருந்தால் இந்தக் கிறுக்கன் கையில் கோழியே வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எழுந்து போகும்போது இவ்வளவுதான் சொன்னார்:

"கோழி இருக்கட்டும் தம்பி. அந்த மெத்தைய மொதல்ல ஊருக்கு அனுப்புங்க."

அன்றே பெர்த்துகளைப் பிரித்தேன். மனைவி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தலை உயரத்தில், காலுக்குப் பிடிமானமாக, ஒரு வேப்பங்கம்பு. கம்பிலிருந்து எச்சம் விழாத மூலையில், கீழே, இருட்டாக இரண்டு பெட்டி. உள்ளே வைக்கோல். சிவப்புக் கோழி ஏற வசதியாக நடுவில் என் பழைய பெஞ்சு. அது ஒன்றுதான் என் படத்தில் மிஞ்சியது.

அடுத்து வந்த முட்டைகளை மனைவி கிண்ணத்தில் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டினாள். கிண்ணம் முருங்கைக்காயோடு திரும்பி வந்தது.

சிவப்புக் கோழிக்கு ஒரு விரல் நுனி போயிற்று, கால் தேறிவிட்டது. கோழிகளெல்லாம் உட்கார்ந்தே தூங்கின. தொண்ணூறுகளில் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும் வரை ஒன்றுகூட மம்சாபுரத்துக்குத் திரும்பிப் போகவில்லை.