மணிக்கு நான் கொடுத்த மாத்திரை

என் தம்பி மணியின் வலது கையை முறித்தவன் நான். அதற்கு முன்பே அவனுடைய மாத்திரையை மாற்றி வைத்தவனும் நான்தான். கை முறிந்த கதை எங்கள் ஊர் முதலமடை முழுக்கத் தெரியும். மாத்திரையைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பா இல்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு எங்கள் மாந்தோப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒன்பதாம் வகுப்பில் நோய் கண்டது. தூக்கம் போயிற்று. யாருமில்லாத இடத்திலிருந்து குரல்கள் அவனைத் திட்டின. கோயம்புத்தூர் மருத்துவர் கொடுத்த மாத்திரையால் மீண்டு, பத்தாம் வகுப்பும் தேறினான்.

மேற்கொண்டு என்ன செய்வதென்று அவனே யோசித்து வைத்திருந்தான்.

"இங்க பக்கத்துல சித்தூர் காலேஜ்லயே பிரீ டிகிரி சேர்றனுங்ணா. ஹாஸ்டல் வேண்டாம். மாத்திரை போட்டா வெடியால எந்திரிக்கச் சடவா இருக்குது. அதனால பொழுதோட சாப்பிட்டு, போட்டுட்டுப் படுத்துக்கறேன். பஸ்ஸைப் புடிச்சுருவேன். மறுபடியும் சத்தம் கேட்டா உங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்க."

என்னிடம் சொல்லிவிடுவானாம்... என்னிடம்!

அந்த மாத்திரையால் அவன் கைகள் நடுங்கும். அந்தக் கோடையில்தான் எனக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு மாப்பிள்ளையின் தம்பி வாசலிலேயே சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். சொம்பு தளும்பினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால்?

மாத்திரை வாங்கப் போன நான், அதே நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிக் குப்பியை நிரப்பினேன். படித்தவன் நான்!

சொம்பு தளும்பவில்லை. சம்பந்தம் உறுதியாயிற்று. பழைய மாத்திரையை மறுநாளே வாங்கியிருக்கலாம். கல்யாணம்வரை போகட்டும் என்று விட்டேன்.

தோப்பில் கடைசிப் பறிப்பு நடந்த நாள். லாரி வந்து நின்றிருந்தது. தரையில் விழுந்த காய் கன்றிப்போகும் என்பதால் தொரட்டிக் கம்பின் நுனியில் வலை கட்டித்தான் பறிப்போம். காதுகளைப் பொத்திக்கொண்டு, குவித்திருந்த காய்களை மிதித்தபடி மணி ஓடிவந்தான்.

"அண்ணா, சத்தம் வந்துருச்சுங்ணா! மாத்திரை கேக்க மாட்டீங்குது!"

காய் ஏற்ற லாரியோடு வந்திருந்த வியாபாரி சிரித்தான். "பைத்தியத்தை எதுக்குங்க தோப்புக்குள்ள உடறீங்க? காயெல்லாம் சட்னி ஆயிருச்சு பாருங்க."

இவன் பெண் வீட்டில் போய்ச் சொல்வான்... அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரே ஒரு காயைக் கீழே போட்டதற்காக அன்று காலையில் ஓர் ஆளைத் திட்டியிருந்தேன். அந்தத் தொரட்டியாலேயே என் தம்பியை அடித்தேன். முதுகில் அடித்தேன். தலையில் அடித்தேன். தடுக்கக் கையைத் தூக்கினான். கையிலும் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. நிறுத்தினேனா? இல்லை! வாயில் ரத்தம் வழிய, "சொல்லிட்டனுங்ணா... சொல்லிட்டனுங்ணா..." என்றே முனகினான். மாட்டுக் கயிற்றால் அவனை மரத்தோடு கட்டினேன்.

அவன்தான் முதலில் அடிக்க வந்தான் என்று ஊரில் சொன்னேன். அவன் ஓடிவந்ததைப் பார்த்தவர்கள்கூட நம்பினார்கள். நோயாளி அவனல்லவா!

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமா சாமி?" என்று அம்மா அழுதாள்.

"இனி மருந்து கேக்காதுன்னு சொல்லிட்டாருங்கம்மா" என்றேன். போனால் குப்பி வெளிப்பட்டுவிடுமே!

கல்லூரி திறந்தது. அவன் பிடிக்கவிருந்த பஸ் தினமும் எங்கள் தோப்பைத் தாண்டிப் போயிற்று. மணியின் கை கோணலாகவே கூடியது. அம்மா இறந்து வெகுகாலம் கழித்துத்தான் வேறு மருத்துவரிடம் அவனைக் கூட்டிப்போனேன். அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்து கேட்டது... ஒரு மழைக்காலத்துக்குள் குரல்கள் அடங்கிவிட்டன.

போன வாரம் மணி என்னிடம் கேட்டான். "ஏனுங்ணா, இப்பக் கேக்கற மாத்திரை அன்னிக்கு ஏனுங்க கேக்காமப் போச்சு?"

"அப்ப உன்ற ஒடம்புக்கு ஒத்துக்கலைடா."

"என்ற ஒடம்புதானுங்களா..." என்று கோணல் கையைத் தடவிக்கொண்டான்.

இதை எழுதும்போது அவன் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். முடித்ததும் என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டுவான். நான்தான் மாத்திரையை எடுத்து வைக்க வேண்டும். என்ன மாத்திரை என்று பார்க்காமலே விழுங்குவான்.