மான் வேட்டை நாளின் நீலக் கார்

வெர்லீன் காடிஸின் காதுபடக் கால்டர் காரைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனதில்லை. வெள்ளிக்கிழமை தொழிற்சங்கக் கட்டடத்தில் மீன் வறுவல் சாப்பிடும்போது எவனாவது, "என் மச்சானோட கால்டர் ரெண்டே மாசத்துல ஒழுகுது" என்று ஆரம்பித்தால் போதும். வெர்லீன் முள்கரண்டியைக் கீழே வைப்பாள்.

"என்னிக்குச் செஞ்ச வண்டி?"

"அது யாருக்குத் தெரியும்?"

"பாத்துட்டு வந்து பேசு. திங்கக்கிழமை வண்டியா இருக்கும், இல்லன்னா சம்பளத்துக்கு மறுநாள் வண்டியா இருக்கும். தண்ணியப் போட்டுட்டு வந்தவன் மாட்டின கதவு ரப்பர் ஒழுகத்தான் செய்யும். அதுக்குக் கால்டர் என்ன பண்ணும்?"

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த ரப்பரை மாட்டியவர்களில் நானும் ஒருவன். செஸ்டர் வோய்டாஸ் என்று பெயர், எல்லாருக்கும் செட். மிச்சிகனில் எங்கள் ஊர்க் கால்டர் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் கதவு பொருத்தினேன். கார்கள் நகர்ந்து வருகிற அதே லைனின் கடைசியில் நின்று, காரைச் சுற்றி வந்து பார்த்து, சரியென்றால் முத்திரை குத்துகிறவள் வெர்லீன். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவள்தான். வந்த புதிதில் ஆண்கள் தினமும் அவளுடைய முக்காலியை ஒளித்து வைத்தார்கள். ஒரு மாதம் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உக்காந்து பாத்தா வண்டிக்குக் கீழ்ப்பக்கம் தெரிய மாட்டேங்குது. நல்ல காரியம் செஞ்சீங்கப்பா" என்றாள். மறுநாள் முக்காலி தானாக வந்து சேர்ந்தது. அவள் அதில் பிறகு உட்காரவே இல்லை.

கால்டர் கிழவர் குதிரை வண்டி செய்துகொண்டிருந்து காருக்கு மாறியவர். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கால்டர், பாலம் கால்டர், நான் பிறந்த ஆஸ்பத்திரி கால்டர். என் அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ஆலைக்குள்ளேயே ஒன்றரை மாதம் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து சங்கத்தைக் கொண்டுவந்த கூட்டத்தில் ஒருவர். கம்பெனியைத் திட்டிக்கொண்டே கம்பெனி சோற்றைச் சாப்பிட்ட வீடு எங்களுடையது. வெர்லீனின் அப்பா போர்க்காலத்தில் ஆர்கன்சாவிலிருந்து வந்தவர். கறுப்பர்களை அப்போது லைனில் விடமாட்டார்கள், வார்ப்பு உலைக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது வருஷம் அந்த அனலில் வெந்துவிட்டு, சொந்தமாக ஒரு புதுக் கார்கூட வாங்காமல் போய்ச் சேர்ந்தார். ஆனால் தெருவில் ஒரு கால்டர் போனால் மகள்களின் கையைப் பிடித்து நிறுத்தி, "அந்த இன்ஜின் அப்பா ஊத்துனது" என்பாராம். அப்படிப்பட்ட மனுஷனின் மகளிடம் கம்பெனியைப் பற்றிப் பேசினால் வேறென்ன நடக்கும்? எனக்கு அவள்மேல் எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும். இவள் இப்படி உருகுகிறாளே, கம்பெனிக்கு இவள் பெயராவது தெரியுமா என்று தோன்றும்.

எழுபத்தொன்பதில் கம்பெனியின் பெயர் நாறிப்போயிருந்தது. பெட்ரோலுக்கு வரிசை. ஜனங்கள் ஜப்பான்காரனின் சின்னக் கார்களைத் தேடிப் போனார்கள். விற்பனைக்காரர்கள் எழுதிய புகார்க் கடிதங்களை எங்கள் உணவுக்கூடச் சுவரிலேயே ஒட்டினார்கள். கதவில் சத்தம், கதவில் ஒழுகல், கதவு மூடவில்லை. அதாவது நான். நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

ஆனால் நன்றாகச் செய்ய எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு காரோடும் ஒரு காகிதம் வரும். என்ன நிறம், எத்தனை கதவு, என்ன இருக்கை என்று அந்தக் காரின் ஜாதகமே அதில் இருக்கும். எங்களில் யாராவது, அல்லது எங்கள் சொந்தக்காரர் யாராவது கார் வாங்கினால், அந்த வண்டி செய்யும் நாள் காலையிலேயே லைன் முகப்பில் இருக்கும் குமாஸ்தாவிடம் போய், பதிவேட்டில் பெயரைப் பார்த்து, அந்தக் காகிதத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு சிலுவை போட்டுவிடுவோம். நம்ம வீட்டு வண்டி என்று அர்த்தம். சிலுவை போட்ட வண்டி வந்தால் கைகள் தாமாக நிதானப்படும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்வோம். அந்தக் கார்கள் பதினைந்து வருஷம் ஓடின. மற்றவை யார் வீட்டுக்கோ போகிறவை.

அந்த அக்டோபரில் வெர்லீனின் அக்கா ஒடெஸா கார் வாங்கப் பணம் கட்டினாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபது வருஷம் வேலை செய்தவள். வானநீல நிறம், நாலு கதவு. காடிஸ் குடும்பத்துக்கு அதுதான் முதல் புதுக் கால்டர். வெர்லீன் குமாஸ்தாவிடம் தேதி கேட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"செட், பதினஞ்சாம் தேதின்னு போட்டிருக்கான்."

"நவம்பர் பதினஞ்சா? போச்சு" என்று சிரித்தேன்.

எங்கள் ஊரில் நவம்பர் பதினைந்து என்றால் மான் வேட்டை திறக்கும் நாள். பாதி ஆலை துப்பாக்கியோடு வடக்கே காட்டில் இருக்கும். மீதிப் பாதியோடு, அலுவலகம் கூட்டுகிறவர்களையும் சேர்த்து லைனில் நிறுத்தி வேலையை ஓட்டுவார்கள். அன்று செய்த காரைத் தெரிந்தே எங்களில் எவனும் வாங்க மாட்டான்.

"நீ அன்னிக்கு வேலைக்கு வரணும்" என்றாள்.

"ஏம்மா, விளையாடுறியா? பதினாறு வயசுலேருந்து ஒரு வருஷம் விட்டதில்ல. எங்கண்ணனுங்க என்னைச் செருப்பால அடிப்பானுங்க."

"மான் அடுத்த வருஷமும் இருக்கும்ப்பா. எங்கக்காவுக்கு அடுத்த கார் கிடையாது."

"பதினாறாம் தேதிக்கு மாத்தச் சொல்லேன்."

"நான் யாரு, கால்டர் பேத்தியா? எங்கப்பா பேரக் காப்பாத்துறதுக்கு ஒரே ஒரு வண்டி ஒழுங்கா வரணும் செட். கதவு நீதான் போடணும். நீ மனசு வச்சாப் போடுவ, எனக்குத் தெரியும்."

இப்படிப் பேசினால் மனுஷன் என்ன செய்வான்? சரியென்று தொலைத்தேன். என்னைப் போல இன்னும் ஒன்பது பேரை அவள் பிடித்திருந்தாள்.

பதினான்காம் தேதி வந்தது. போன வருஷம் நான் எட்டுக் கிளைக் கொம்பு மானை வீழ்த்திய தோட்டாவின் பித்தளை உறை ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். மதியச் சாப்பாட்டில் அதை எல்லாருக்கும் காட்டி, "இந்த வருஷம் இதுக்குத் துணை கிடையாது. எல்லாம் இந்த அம்மா தயவு" என்றேன். வெர்லீனும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தந்தாள். பிறகு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகச் சொன்னான். திரும்பி வந்தால் ஃபோர்மேன் டில்மன், ஒரு நிமிஷம் தாமதமென்று நாலு பேர் முன்னால் கிழித்தான். அந்த எரிச்சலில், அடுத்து வந்த காரின் கதவுக்குள் அந்தப் பித்தளை உறையைப் போட்டேன். உள்பலகையை வைத்து, ஆறு திருகையும் முடுக்கினேன். எவனோ பணக்காரன் கதவைச் சாத்தும்போதெல்லாம் கிலுகிலுவென்று கேட்டுப் பைத்தியம் பிடிக்கட்டும் என்றிருந்தது. வண்டி என்ன நிறம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெர்லீன் மெழுகுப் பென்சிலோடு லைன் முகப்புக்கு ஓடினாள். யார் கார் எது என்று சொல்லும் பதிவேடு குமாஸ்தாவின் மேசைக்குள் பூட்டியிருந்தது. குமாஸ்தா காட்டில் இருந்தான். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. காகிதங்களில் வெறும் எண்ணும் நிறமும்தான். வானநீலம், நாலு கதவு, மொத்தம் இருபத்திமூன்று.

அவள் யோசிக்கவில்லை. இருபத்திமூன்றிலும் சிலுவை போட்டாள்.

சிலுவைகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற பதிலாள், "யாரு வீட்டு வண்டி?" என்றான்.

"வெர்லீனோட அக்கா வண்டி" என்றேன்.

"அப்ப முன்னாடி போனது?"

"அதுவும்தான். பேசாம பிடி."

நானும் முதலில் நீலத்துக்கு மட்டும்தான் நிதானித்தேன். அரை நாள் போனதும் கை பழகிவிட்டது. பச்சைக் காருக்கும் ரப்பர் நேராக உட்கார்ந்தது. லைன் கடைசியில் வெர்லீன் யாரையும் விடவில்லை. ஒரு கண்ணாடி அசைந்தாலும் முத்திரை இல்லை, பழுது பார்க்கும் முற்றத்துக்குப் போ என்று தள்ளினாள். மூன்று மணிக்கு அங்கே நாற்பது கார் நின்றது. டில்மன் ஓடி வந்தான்.

"என்ன பண்ற நீ? என்னை வீட்டுக்கு அனுப்பவா?"

"கதவு சாத்தல, விளக்கு எரியல. நான் எப்படிங்க முத்திரை குத்துறது?"

"நேத்து இதே மாதிரி வண்டிக்குக் குத்தினல்ல?"

அவள் முத்திரையை மேசைமேல் வைத்தாள். மூன்று நாள் வேலை நீக்கம், சம்பளம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வாதாட வேண்டிய சங்கப் பிரதிநிதியும் காட்டில்தான் இருந்தான். வெர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அந்த இருபத்திமூணுல ஒண்ணு எங்கக்காவுது செட். அது போதும் எனக்கு" என்றாள். சிரித்த முகத்தோடு போனாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிகிற நேரத்துக்கு வரச் சொன்னாள். வாகன நிறுத்தத்தில் பனிக்கு நடுவே ஒடெஸாவின் நீலக் கார் பளபளவென்று நின்றது. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒடெஸா தலையில் நல்ல தொப்பி ஒன்று வைத்திருந்தாள்.

"வண்டி தங்கம் தம்பி. இந்தக் கதவுல மட்டும் ஏதோ கிலுகிலுங்குது. கடைக்காரன்கிட்ட போகலாம்னேன், இவ விடல. செட் போட்ட கதவு, செட்தான் தொடணும்ங்கறா."

இல்லை, இருக்காது, அது பதினான்காம் தேதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு திருகையும் கழற்றினேன். உள்ளே கையை விட்டேன். விரலில் பட்டதுமே தெரிந்துவிட்டது. மூடிய கையோடு எழுந்தேன். வெர்லீன் என் எதிரே நின்றிருந்தாள்.

"காட்டு."

கையைத் திறந்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் பார்த்ததுதானே. பின் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, வேலை முடிந்ததும் அங்கே செருகிவிடுகிற அந்தக் காரின் காகிதத்தை இழுத்தாள். சிலுவை இல்லை. நவம்பர் பதினான்கு என்று அச்சடித்திருந்தது. பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பணம் முழுக்கக் கட்டிய வண்டிகளைக் கடைசி நேரத்தில் ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்களாம். அலுவலகத்துக்கே பதினைந்தாம் தேதியில் நம்பிக்கையில்லை.

"என்னடி அது?" என்று ஒடெஸா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஏதோ உதிரி விழுந்திருக்குக்கா. எடுத்தாச்சு."

"அவ்வளவுதானா! பாரு, மான் வேட்டையக்கூட விட்டுட்டு என் வண்டிக்குக் கதவு போட்ட புள்ள. கர்த்தர் உன்ன நல்லா வைக்கணும் தம்பி. இரு, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் வச்சிருக்கேன், கொண்டுபோ." என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"யாரு வண்டின்னு தெரியாது வெர்லீன். சத்தியமா தெரியாது" என்றேன்.

"தெரியாதுதான்" என்றாள். "அன்னிக்கு வேட்டை இல்ல. சம்பள மறுநாள் இல்ல. புதன்கிழமை செட். எல்லாரும் இருந்தோம். நீ கதவ மூடின, நான் முத்திரை குத்தினேன்." காகிதத்தின் ஓரத்தைக் காட்டினாள். அவளுடைய முத்திரை எண், நாற்பத்தொன்று என்று தெளிவாக விழுந்திருந்தது.

அவள் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை முதல் காரிலேயே சிவப்புச் சிலுவை வந்தது. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். நீலம், பச்சை, வெள்ளை, எல்லாவற்றிலும். வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து அன்றைய காகிதக் கட்டு முழுவதிலும் போட்டிருந்தாள். டில்மன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய், "என்ன இது? ஊர்ல ஓடுற வண்டியெல்லாம் உங்க அக்காவுதா?" என்று கத்தினான்.

"எங்க குடும்பம் கொஞ்சம் பெருசுங்க" என்றாள்.

லைனே சிரித்தது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் ஒரு வாரத்தில் சிலுவையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கம்பெனியின் பெயர் அதனால் நிமிர்ந்ததா என்றும் எனக்குத் தெரியாது. அவள் மட்டும் ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருஷம் தினமும் போட்டாள். சங்கத்து மீன் வறுவலில் யாராவது கால்டரைக் குறை சொன்னால், என்றைக்குச் செய்த வண்டி என்று அதன்பிறகு அவள் கேட்டதில்லை. "எந்தக் கதவு?" என்று மட்டும் கேட்பாள். என் பக்கம் திரும்பாமல்தான் கேட்பாள்.

அந்தப் பித்தளை உறை அவளுடைய மேசையில், முத்திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என் இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள்.

"ஒரு ஆளு மறந்து விட்டுட்டுப் போனது. வந்து கேட்டா குடுத்துடுவேன்" என்பாள்.

பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை.